கண்ணு ரப்பை வெறும் தோல் இல்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மருத்துவ பக்கத்துல, வயசானா கண்ணு ரப்பை தொங்குறது பத்தி போட்டிருந்தீங்க. உள்ள இருக்கிறது குருத்தெலும்பாம், தினமும் கிரீம் போட்டு நீவிவிட்டா சரியாகிடுமாம். ரெண்டுமே தப்புங்க. எங்கம்மா இதையே யாரோ சொல்லக்கேட்டு ரெண்டு வருஷம் நீவினாங்க, அந்த ஆதங்கத்துலதான் எழுதுறேன்.

ரப்பைக்குள்ள இருக்கிறது டார்சல் பிளேட், இமைத்தகடுன்னு வச்சுக்கலாம். நெருக்கமா பின்னின நார்த்திசு அது, குருத்தெலும்பு கிடையாது. மேல் இமையில நடுவுல சுமார் 10 மி.மீ. உயரம், கீழ அதுல பாதிதான், கனம் 1 மி.மீ. கண்ணுல தூசி விழுந்தா டாக்டர் பட்ஸ் வச்சு மேல் இமையை புரட்டுவாரே, அப்ப கசங்காம ஒரே பலகையா திரும்பி நிக்குது பாருங்க, அது இந்த தகடாலதான். ரெண்டு ஓரத்துலயும் தசைநாண் அதை எலும்போட இழுத்து கட்டியிருக்கு.

ரப்பையை தூக்குறது லிவேட்டர் தசை. கண்குழியோட பின்பக்கத்துலேர்ந்து வந்து, கிணத்து கயிறு உருளை மேல திரும்புற மாதிரி விட்னால் லிகமென்ட்ங்கிற குறுக்கு நார்ப்பட்டை கிட்ட திசை மாறி, மெல்லிசா விசிறி போல விரிஞ்சு தகட்டுல வந்து ஒட்டுது. வயசாக ஆக பெரும்பாலும் இந்த விசிறிதான் நைஞ்சு தகட்டைவிட்டு நழுவுது. தசைக்கு ஒண்ணும் ஆகலை, பிடிப்பு போச்சு, அவ்ளோதான். அதை மேல நீவினா எப்படிங்க ஒட்டும், தேய்க்க தேய்க்க இன்னும் தளரத்தான் செய்யும்.

அம்மா உங்க பேப்பரையே ஒரு கையில பிடிச்சுக்கிட்டு இன்னொரு கை விரலால ரப்பையை தூக்கிப் பிடிச்சுதான் படிப்பாங்க, புருவத்தை ஏத்தி ஏத்தி சாயந்திரம் ஆனா நெத்தி வலிக்கும். கடைசியா ஒரு டாக்டர் புருவத்தை கட்டை விரலால அழுத்திக்கிட்டு கீழ பாருங்க மேல பாருங்கன்னு ஸ்கேல் வச்சு அளந்தார், 14 மி.மீ. ஏறுது, தசை நல்லா இருக்குன்னு சொல்லி மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு, டேபிள்லயே கண்ணை திறக்கச் சொல்லி உயரம் பார்த்து, விசிறியை தகட்டோட திரும்ப தைச்சார். இப்ப ரெண்டு கையாலயும் பேப்பர் பிடிக்கிறாங்க.

திருத்தம் போடுங்க சார். கூடவே இதையும் சேருங்க: ரப்பை திடீர்னு ஒரே நாள்ல விழுந்து, ரெண்டு ரெண்டா தெரியுது, தலைவலி, கண்ணு பாப்பா பெருசா இருக்குன்னா அது நரம்பு சமாச்சாரமா இருக்கலாம், அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகி