ஆச்சியின் பட்டியலுக்கு அம்மாவின் குறிப்பு

அன்பு மகளுக்கு,

ஆச்சி எழுதிக் கொடுத்த உள்ளாடைப் பட்டியலை அப்படியே கடைக்குக் கொண்டுபோனால் பாதிச் சாமான் மாறித்தான் வரும். உள்பாவாடை வேண்டுமென்றால் இன்ஸ்கர்ட் என்று கேள், உடனே எடுத்துப் போடுவார்கள். பெட்டிகோட் என்று கேட்டால் சில கடைகளில் சிறு பெண்கள் கவுனுக்குள் போடும் சிம்மீஸை நீட்டுவார்கள்.

பாடி என்று ஆச்சி எழுதியிருப்பது பிராதான். ஆனால் அவருக்கு வேண்டியது இழுத்தால் நீளாத பருத்தித் துணியில், கிண்ணத்தைச் (கப்) சுற்றி வட்டவட்டமாகத் தையல் போட்டது. பஞ்சு வைத்ததை வாங்கிவிடாதே. ஆச்சியின் ரவிக்கைகள் எல்லாம் பழைய பாடிக்கு அளவெடுத்தவை, உள்ளே போடுவது மாறினால் டார்ட் (மார்பின் வடிவுக்காக மடித்துத் தைப்பது) முனை இடம் மாறி நிற்கும். உனக்கும் இதே கணக்குதான். பட்டு ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போகும்போது அதற்குள் எதைப் போடப் போகிறாயோ அதையே போட்டுக்கொண்டு போ. (கோயில் சிலையில் பார்க்கும் கச்சு வேறு, அது தைக்காத பட்டைத் துணி. பெருமாளின் இரு பக்கமும் நிற்பவர்களில் ஸ்ரீதேவிக்குக் கச்சு இருக்கும், பூதேவிக்கு இருக்காது. அடுத்த முறை கவனித்துப் பார்.)

உள்பாவாடையைத் தைத்துக்கொள்வதே நல்லது. ரெடிமேடில் துணியை மிச்சம் பிடிப்பதற்காகக் கீழ்ச்சுற்றைக் குறைத்துவிடுகிறார்கள். படியேறும்போது காலைத் தடுக்கும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 38 அங்குலம், இடுப்புக்குக் கீழ் சுற்றளவு 40 என்றால், 36 அங்குல அகலப் பாப்ளின் (பருத்தித் துணி) இரண்டேகால் மீட்டர் போதும். வாங்கியதும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே வெட்டக் கொடு. ஊறவைக்காமல் தைத்தால் இரண்டு மூன்று துவைப்பில் ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். சிவப்பும் கருநீலமும் சாயம் போகும், முதல் சில தடவை தனியாகத் துவை.

டெய்லரிடம் ஆறு பீஸ் (ஆறு துண்டாக வெட்டி இணைப்பது) என்று சொல். மேல்சுற்று 42, கீழ்ச்சுற்று 90 அங்குலம் வரட்டும். கிராஸாக, அதாவது சாய்வாக, வெட்டிய ஓரத்தை நேர் ஓரத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். இரண்டு கிராஸ் ஓரங்களைச் சேர்த்தால் அந்த இடம் நாளடைவில் தொங்கும். கீழே மடித்து அடிக்கும் முன் ஒரு நாள் தொங்கவிட்டால் இறங்க வேண்டியது முன்பே இறங்கிவிடும். இடுப்புப் பட்டி 2 அங்குலம், திறப்பு 6 அங்குலம், இடது பக்கம். கொசுவம் செருகும் இடத்தில் திறப்பு வந்தால் முடிச்சு புடைத்துத் தெரியும்.

நாடா பருத்தியில், தட்டையாக, ஒன்றரை மீட்டர். ஊக்கு குத்திக் கோர்த்த பிறகு, பின்பக்க நடுவில் நாடாவையும் பட்டியையும் சேர்த்து ஒரு தையல் போட்டுவிடு. அந்த ஒரு தையல் இல்லாததால்தான் துவைக்கும்போது நாடா உருவிக்கொண்டு வருகிறது. நைலான் நாடா வேண்டாம், முடிச்சு வழுக்கும். வழுக்குகிறதே என்று இறுக்குவோம், அங்கேதான் தொல்லை ஆரம்பிக்கும். ஒரே கோட்டில் வருஷக்கணக்கில் இறுக்கினால் தோல் கறுத்து, வியர்வையில் அரித்து, புண்ணாகும். ஆறாமலேயே கிடக்கும் அப்படிப்பட்ட புண் அபூர்வமாகப் புற்றாக மாறுவதுண்டு. மகாராஷ்டிரத்திலும் பீகாரிலும் மருத்துவர்கள் பார்த்த இரண்டு பெண்களைப் பற்றி 2024-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரையே வந்தது. பட்டிக்குள் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குக் கட்டினாலே சேலை நிற்கும். வீட்டில் இருக்கும்போது தளர்த்திவிடு. ஆச்சி இடுப்பில் புண் இருக்கிறதா என்று நீயே பார். அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போ.

பட்டுச் சேலைக்குப் பருத்தி உள்பாவாடைதான் சரி. சாட்டின் மேல் கொசுவம் நிற்காது, ஊக்கு குத்தினால் பட்டுதான் கிழியும். ஷிஃபானுக்குச் சாட்டின் போடலாம். நீ இருக்கும் குளிர் ஊரில் காற்று உலர்ந்திருப்பதால் செயற்கை இழைத் துணிகள் உரசி மின்னேறி, சேலை காலோடு ஒட்டும். அங்கே ஷிஃபானுக்கும் பருத்தியே போடு. மீன்வால் மாதிரி வரும் ஷேப்வேர் (உடலை ஒட்டி நிற்கும் உள்பாவாடை) ஃபோட்டோவுக்கு அழகுதான், ஆனால் பந்தியில் தரையில் உட்கார முடியாது.

ஆச்சிக்கு உள்பாவாடை வெள்ளையில் நான்கு, சந்தன நிறத்தில் இரண்டு. நீளம் மட்டும் 35 அங்குலம்.

அம்மா