பலகையைப் பத்திரமாக வைத்திருந்த ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

பெசன்ட் நகர் கடற்கரைக்குக் காலையில் வரும் எல்லோருக்கும் வணக்கம்.

இன்று மறுபடியும் ஸ்கேட்போர்டில் ஏறினேன். ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு எதிரே இருபது அடி தூரம் போயிருப்பேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது அழுகை வந்துவிட்டது. அது அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போர்டிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதை உங்களில் பாதிப் பேர் நேரிலேயே பார்த்தீர்கள். அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கட்டில் தகடு இருக்கிறது, எலும்பு கூடிவிட்டது, விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் ஏறினேன்.

தன் துப்பட்டாவால் என் கையைத் தாங்கிக் கட்டிவிட்ட அக்கா, காசு வாங்காமல் போன ஆட்டோ அண்ணன், ராத்திரி இரண்டு மணிக்கு என் தலையைப் பின்னிவிட்ட நர்ஸ், மூன்று வாரம் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்த என் அக்கா, என் வேலையையும் சேர்த்துப் பார்த்த அலுவலக நண்பர்கள், தினமும் விசாரித்த ரோலர் ஸ்கேட்டிங் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாகச் சைக்கிளில் சுக்கு காபி விற்கும் ஐயாவுக்கு. பேத்தி வாசித்துக் காட்டுவாள் என்று சொன்னீர்கள். அதனால் உங்களிடமே பேசுகிறேன் ஐயா.

அன்றைய அமளியில் போர்டை யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து நினைவு வந்தபோது, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதை நீங்கள்தான் எடுத்து வைத்திருக்கிறீர்கள். எடுப்பதற்குள் மழையில் நன்றாக நனைந்துவிட்டதாம். வெளியே நடமாட ஆரம்பித்த பிறகு முதல்முறை உங்களிடம் காபி குடிக்க வந்தேன். கேரியரில் கட்டியிருந்த சிமெண்டு சாக்கை அவிழ்த்து, "பலகை இந்தாம்மா" என்று நீட்டினீர்கள். ஏதோ நேற்று மறந்து வைத்துவிட்டுப் போன குடையைத் திருப்பிக் கொடுப்பது போல.

ஒரு சக்கரத்தை விரலால் தட்டிவிட்டேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கடல்காற்றும் மழைத்தண்ணீரும் பட்ட பேரிங் அப்படிச் சுற்றாது. கரகரவென்று இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். கேட்டபோதுதான் சொன்னீர்கள். தெரிந்த சைக்கிள் கடையில் கொடுத்து, 13-ஆம் நம்பர் ஸ்பேனரால் சக்கரங்களைக் கழற்றி, சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு பேரிங்கையும் வெளியே எடுத்து, ஊசியால் மூடியை நெம்பி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டிருக்கிறார்கள். கடைக்காரர் கிரீஸ் வைக்கப் போனாராம். "கிரீஸ் வச்சா மண்ணு ஒட்டும், எண்ணெய் போதும்" என்று தடுத்தது நீங்கள். போர்டைப் பல வருஷமாக ஓட்டுகிறவர்கள் சொல்வதும் அதேதான். உங்களுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "என் சைக்கிளும் இந்தக் கடல் ஓரத்துலதானேம்மா நிக்குது" என்றீர்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டீர்கள் என்று கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. "சக்கரம் இறுகிக் கெடந்தா அடுத்த தடவையும் விழுந்துடுவீங்க."

அடுத்த தடவை. இந்த இரண்டரை மாதத்தில் அந்த வார்த்தையை என்னிடம் வேறு யாரும் சொல்லவில்லை. என்னைப் பார்க்க வந்த எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள், ஆனால் பேச்சு முடிவது "இனிமேல் இதெல்லாம் வேண்டாம்" என்பதில்தான். 41 வயது, கல்லூரிக்குப் போகும் பையன், எதற்கு என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. படுத்துக் கிடந்த நாட்களில் நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி சின்னப் பெண்ணாக வெறுங்காலோடு போர்டில் சறுக்கும் படத்தைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது. அப்போதே எனக்கு முப்பது தாண்டிவிட்டது. ஏறிய முதல் நாள், ஒரு காலை முன்னால் வைத்து மற்ற காலால் தரையைத் தள்ளிய அந்த ஒரு நொடியில், காது ஓரம் காற்று ஓடியது. அதுவரை என் நாளில் எனக்கென்று அப்படி ஒரு நொடி இருந்ததில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-இல் 11 வயதுச் சீனச் சிறுமி ஒருத்தியும் 51 வயது பிரிட்டன் வீரர் ஆண்டி மெக்டொனால்டும் ஸ்கேட்போர்டு ஓட்டினார்கள். அதைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஜெயித்தது யார் என்பதைவிட, 51 வயதுக்காரர் ஓட்டி முடித்துவிட்டுச் சிரித்த சிரிப்புதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

விழும்போது கையை நீட்டக் கூடாது, தோளை உள்ளே மடக்கி உருள வேண்டும். தெரிந்த விஷயம்தான், ஆனால் உடம்புக்குப் பழக்கவில்லை. இனி வாரத்தில் ஒரு நாள் புல்தரையில் விழுந்து பழகப் போகிறேன். மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும் மாட்டாமல் பலகையில் கால் வைக்க மாட்டேன். இது என் அக்காவுக்கும் பையனுக்கும் நான் கொடுக்கும் வாக்கு. மாதம் ஒருமுறை பேரிங்கைக் கழற்றி நானே எண்ணெய் விடுவேன் ஐயா, இது உங்களுக்கு.

இன்று நான் தள்ளியபோது நீங்கள் காபி ஊற்றுவதை நிறுத்திவிட்டு நின்றீர்கள். பார்த்தேன். சைக்கிள் கடைக்குக் கொடுத்த காசை மட்டும் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை, காபிக்கு மட்டும் வாங்கிக்கொண்டீர்கள்.

அந்தக் கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. முன் இடது சக்கரம் புதிதாக வாங்கியபோது சுற்றியதைவிட இப்போது அதிக நேரம் சுற்றுகிறது. அதை அவரிடம் காட்ட வேண்டும். சனிக்கிழமை கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுச் சொல்லுங்கள் ஐயா.