ஞாயிற்றுக்கிழமை ஒரு காலைக் காட்சி கொடுங்கள்

ஈரோடு, கோவை, திருப்பூர் தியேட்டர் முதலாளிகளுக்கு வணக்கமுங்க.

பழைய படங்களை மறுபடி போட்டு ஓட்டுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் எல்லாமே ஹீரோ படம். பட்டாசு, பாலாபிஷேகம், விசில். பாட்டுக்காரர்களே நடித்த காலத்துப் படம் ஒன்றாவது போட்டீர்களா?

அம்மாவைப் பெற்ற எங்கள் அம்முச்சிக்கு ஊர் கொடுமுடிப் பக்கம். களை வெட்டப் போகிறவரைக் கச்சேரிக்கு யார் கூப்பிடுவார்கள், சபா வாசலையே அவர் பார்த்ததில்லை. ஆனால் காட்டில் குனிந்து நிமிரும்போதெல்லாம் சுருதி விலகாமல் பாடுவார். ராகத்தின் பெயர் தெரியாது. எல்லாம் டூரிங் கொட்டாயில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து 'ஔவையார்' பார்த்துப் பிடித்துக்கொண்டது.

அதில் ஔவையாக நடித்த கே.பி. சுந்தராம்பாளும் கொடுமுடிக்காரர்தான். 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய், பவுன் நூறு ரூபாய்கூட விற்காத காலத்தில். நந்தனாராக ஆண் வேடம் போட்டவர் அவர், எதிரே நந்தனாரின் எஜமான் வேதியராக நின்றவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர், கச்சேரி மேடையின் பெரிய வித்வான். கோயிலுக்குள் விடப்படாதவனின் கதையை, சபாப் பக்கமே போகாத சனம் காசு கொடுத்துக் கேட்டிருக்கிறது. இந்தப் படங்கள் செய்த பெரிய காரியம் அதுதான் என்பேன். பாடி நடித்த தியாகராஜ பாகவதரைப் போலக் கிராப் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிந்ததைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், சரி, அதுவும் நடந்தது. அந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' (1944) சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி பார்த்தது தெரியும். அதைப் படமாக்கியது நம் கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் பின்னணிப் பாட்டு வந்தது, முகம் ஒருவருடையது, தொண்டை இன்னொருவருடையது என்று ஆனது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாடுகிறவரின் கழுத்து நரம்பு புடைப்பதைத் திரையில் பார்ப்பது வேறு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் வழிநெடுக மைக் செட்டில் சுந்தராம்பாள் குரலைக் கேட்கிறார்கள், முகத்தைப் பார்க்கட்டுமே.

கூட்டம் வராது என்பீர்கள். 2012-ல் சிவாஜியின் பழைய 'கர்ணன்' புதுப்பித்து வந்தபோது வந்ததே! அக்டோபர் சுந்தராம்பாள் பிறந்த மாதம், ஒரு ஞாயிறு பத்து மணிக் காட்சி போதும். பத்து டிக்கெட் என் பொறுப்பு. சவுண்டை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்க, உங்கள் புதுப் பெட்டியில் அந்தக் காலத்து ஒலி கிறீச்சிடும்.