இல்லங்கள் முதலாந் தவணையோடு கலைய வேண்டாம்

கொழும்பிலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

பாடசாலை மாணவர்களை இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரித்து முதலாந் தவணையில் நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும் வாரங்களில் எங்கள் பிள்ளைகளிடம் காணும் உற்சாகம், இல்லக் கொட்டகைகளைப் பிரித்த மறுநாளே இல்லாமற் போய்விடுவதைப் பெற்றோராகிய நாங்கள் ஆண்டுதோறும் கவலையோடு பார்க்கிறோம். இல்லங்கள் மூன்று தவணையும் இயங்க வேண்டும், அவற்றின் வேலைகள் பாடசாலை நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

அந்த வாரங்களில் நடப்பதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். உயர்தர மாணவி ஒருத்தி தரம் 6 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, அணிநடையில் எந்தக் காலை முதலில் வைப்பது, பிரதம விருந்தினரைக் கடக்கையில் எப்போது தலையைத் திருப்புவது என்று தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொடுக்கிறாள். ஓட்டத்திலோ பாய்ச்சலிலோ பெயர் கொடுக்காத பையன் ஒருவன், இல்ல வாயிலுக்கு வேண்டிய ரெஜிபோமை அளந்து வெட்டி வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இப்படியொரு கைவேலை தெரியும் என்பது வகுப்பாசிரியருக்கே அன்றுதான் தெரியவருகிறது. ஒரே படிக்கட்டில் நாள்தோறும் ஏறி இறங்கியும் பேசிக்கொள்ளாத பிள்ளைகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குவது இந்த நாட்களில்தான்.

அதன்பின் வருவனவெல்லாம் பெரும்பாலும் தெரிவுப் போட்டிகளாகவே இருக்கின்றன. தமிழ்த் தினப் போட்டியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பாவோதலும் பேச்சும் வில்லுப்பாட்டும் இன்றும் மேடையேறுவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் பாடசாலை மட்டத்தில் தெரிவானவர்களே வலயம், மாகாணம், தேசியம் என்று மேலே செல்ல, ஏனையோர் காலைக் கூட்டத்தில் கைதட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். விவாத அணியும் வினாவிடை அணியும் அப்படித்தான். வாணி விழாவிலும் ஒளி விழாவிலுங்கூட நன்றாக ஆடவும் பாடவும் தெரிந்தவர்களையே திரும்பத் திரும்ப மேடையில் காண்கிறோம். றோயல் கல்லூரிக்கும் புனித தோமையர் கல்லூரிக்கும் இடையே 1879 இல் தொடங்கிய றோயல் – தோமியன் கிரிக்கெட் ஆட்டத்தைப் பாருங்கள்: களத்தில் இறங்குபவர்கள் அணிக்குப் பதினொருவர்தான், ஆனால் கொடி பிடித்துப் பாடி நிற்கும் நூற்றுக்கணக்கான மாணவர்களில் ஒருவர்கூடத் தன்னைப் பார்வையாளராக மட்டும் எண்ணுவதில்லை. அந்த உரிமையுணர்வு திறமையைப் பார்த்து வழங்கப்படுவதன்று.

இடமும் நேரமும் இல்லை என்பீர்கள். இடநெருக்கடி உண்மையே, நகரத்துப் பாடசாலைகள் பலவற்றுக்குச் சொந்த மைதானம் இல்லை, விளையாட்டுப் போட்டிக்கே வேறு மைதானம் தேட வேண்டியிருக்கிறது. நேரத்தைப் பொறுத்தவரை, 1.30 க்கு மணி அடித்ததும் வாசலில் பாடசாலை வான் நிற்கிறது. அதைத் தவறவிட்டால் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ இருக்கும் ரியூசனும் தவறிவிடும். ஆகவேதான் பாடசாலை முடிந்த பிறகு பிள்ளைகளை மறிக்க வேண்டாம் என்கிறேன். இணைப்பாடவிதானத்துக்கென நேரசூசியில் இருக்கும் பாடவேளைகளில், மாதத்துக்கு ஒன்றையாவது இல்லங்களுக்கு விட்டுத்தாருங்கள். இரண்டாந் தவணையில் இல்லங்களுக்கிடையே சுவர்ப் பத்திரிகையும் சதுரங்கமும், மூன்றாந் தவணையில் குறுநாடகமும் வைக்கலாம். இவற்றுக்கு மைதானம் வேண்டியதில்லை. ஒரு தவணையில் பங்குபற்றிய பிள்ளைக்குப் பதிலாக அடுத்த தவணையில் இன்னொரு பிள்ளை வரவேண்டும் என்ற விதியும், பங்குபற்றியோர் தொகைக்கும் இல்லத்துக்குப் புள்ளி என்ற விதியும் இருந்தால், ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளை இல்லத் தலைவர்களே தேடிச் செல்வார்கள்.

தரம் 11, தரம் 13 மாணவர்களைப் பரீட்சையைக் காரணங்காட்டி முற்றாக ஒதுக்கி வைப்பதையும் மீள்பரிசீலனை செய்யுங்கள். மாதத்தில் ஒரு பாடவேளையால் எவரது பெறுபேறும் குறைந்துவிடாது. மாறாக, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய மூத்தவர்களைத்தான் நாம் இழக்கிறோம். இதில் பெற்றோராகிய எங்களுக்கும் பங்கு உண்டு என்பதால், சங்கக் கூட்டங்களில் நாங்களே இதை எடுத்துப் பேசவும், சோடனைப் பொருட்களுக்கான செலவைப் பகிர்ந்துகொள்ளவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

அடுத்த ஆண்டுக்கான நேரசூசி தயாராகும் முன் இவ்வேண்டுகோளை இல்லப் பொறுப்பாசிரியர்களுடன் கலந்துபேசி, முடிவைப் பெற்றோருக்கு எழுத்தில் அறியத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கொழும்பில் வசிக்கும் தாய் ஒருவர்