உடற்பயிற்சிக்கூடங்களில் ஊக்கப் பவுடர் விற்பனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சையின்போது தாழும் இரத்த அழுத்தத்தை உயர்த்த மருத்துவர்கள் செலுத்தும் மெபென்டர்மின் ஊசி மருந்தை, உடற்பயிற்சிக்கூடம் செல்லும் இளைஞர்களுக்குக் கள்ளத்தனமாக விற்றவர்கள் தமிழகத்தில் கைதான செய்திகளை அண்மை ஆண்டுகளில் படித்து வருகிறோம். காவல்துறையின் நடவடிக்கை ஆறுதல் தருகிறது. ஆனால், வரவேற்பு மேசையிலேயே வெளிப்படையாக விற்கப்படும், பயிற்சிக்கு முன் கலந்து குடிக்கும் 'ப்ரீ ஒர்க்அவுட்' ஊக்கப் பவுடரைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத கல்லூரி மாணவர்களின் கையில் அந்த டப்பாவைப் பார்க்கும்போது, உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றிய எனக்குக் கவலை மேலிடுகிறது.

இத்தகைய பவுடர்களில் பெரும்பாலானவற்றின் ஊக்கம் காஃபினிலிருந்து வருகிறது. ஒரு ஸ்கூப்பில், அதாவது ஒரு அளவுக் கரண்டியில், 150 முதல் 300 மில்லிகிராம் வரை இருப்பது சாதாரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், ஒரு நாள் முழுவதற்குமே 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கின்றன. 150 மில்லிலிட்டர் டிகாஷன் காபியிலேயே 80 முதல் 120 மில்லிகிராம் இருப்பதாகவும் அவை கூறுகின்றன. இரண்டு வேளை காபி குடிக்கும் ஒரு மாணவன், அதனுடன் ஒரு ஸ்கூப் பவுடரும் கலந்து குடித்தால் அந்த எல்லையை எளிதாகக் கடந்துவிடுவான். மாலை ஏழு மணிக்குக் குடித்தால் அதிலுள்ள காஃபினில் பாதியளவு நள்ளிரவிலும் உடலில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், தசை தேறுவதற்குத் தேவையான உறக்கம் கெடுகிறது. மறுநாள் களைப்பைப் போக்க இரண்டு ஸ்கூப் தேவைப்படுகிறது. முகத்திலும் விரல்களிலும் எழும் குறுகுறுப்பைப் பவுடர் வேலை செய்வதன் அடையாளமாகப் பலர் நம்புகிறார்கள். அது பீட்டா அலனைன் என்ற அமினோ அமிலம் தோல் நரம்புகளைத் தூண்டுவதால் வருவது. அந்த உணர்வுக்கும் பலத்துக்கும் தொடர்பில்லை.

டப்பாவில் அச்சிட்டது மட்டுமே உள்ளே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிகளுக்கு முன் நடந்த ஊக்கமருந்துச் சோதனையில் மல்யுத்த வீரர்கள் உள்ளிட்ட இந்தியர் சிலர் சிக்கியது, இத்தகைய பவுடர்களில் அப்போது கலக்கப்பட்டுவந்த மெத்தில்ஹெக்சனமைன் என்ற ஊக்கப்பொருளால்தான். 2012 லண்டன் மாரத்தானில் ஓடும்போது இறந்த இளம்பெண்ணின் மரண விசாரணையிலும் அதே பொருள் குறிப்பிடப்பட்டது.

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில வாரங்களில் கூடும் பலம், பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால் வருவது. எடையைக் குறைவாக வைத்து அசைவுகளைப் பிழையின்றிக் கற்க வேண்டிய காலம் அது. அப்போது களைப்பை மறைக்கும் பொருளைக் கொடுப்பது முதுகுக்கும் தோளுக்கும் கேடு. பயிற்சியின் நடுவே தலைசுற்றி உட்கார்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு வாழைப்பழமோ ஒரு டம்ளர் கேப்பைக்கூழோ போதும். புரதத்தைப் பொறுத்தவரை, 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. எடைப்பயிற்சி செய்பவருக்கு 70 கிராமுக்கு மேல் தேவைப்படலாம். மூன்று முட்டை, அரை லிட்டர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் ஆகியவற்றிலேயே 50 கிராமுக்கு மேல் கிடைக்கும். எஞ்சியதைச் சோறும் சாம்பாரும் மீனும் தந்துவிடும். தசை வளர்ப்பதற்காகப் புரதப் பவுடர்களைத் தவிர்க்கும்படி மேற்சொன்ன வழிகாட்டுதல்களும் அறிவுறுத்துகின்றன.

மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் உணவகங்களில் எடுப்பதுபோல் உடற்பயிற்சிக்கூடங்களிலும் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ஒரு ஸ்கூப்பில் எத்தனை மில்லிகிராம் காஃபின் உள்ளது என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடச் செய்ய வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. பயிற்சி தருபவரே அந்த டப்பாவை விற்றுக் கமிஷன் பெறும் வழக்கத்தைக் கூடங்களின் உரிமையாளர்கள் உடனே நிறுத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல்.