விருதுப் புத்தகமும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

நான் பார்த்துக்கொள்ளும் பள்ளிக்கூட நூலகத்துக்குப் புத்தகம் வாங்கித் தருகிறேன் என்று சொன்னாயே, ரொம்ப சந்தோஷம். கூடவே, "விருது வாங்கினதெல்லாம் வேண்டாம்மா, அது பெரியவங்களுக்குத்தான் பிடிக்கும், பிள்ளைங்க தொடாது" என்றும் சொன்னாய். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போனில் சொல்லி முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைக் களமாகக் கொண்ட கதை. 2023இல் பால சாகித்ய புரஸ்கார் என்ற சிறுவர் இலக்கிய விருது வாங்கியது. அழகன்குளத்திலிருந்து வரும் பையன் ஒருவன், வகுப்பில் வாயே திறக்காதவன், அதை எடுத்துப்போனான். திருப்பிக் கொடுக்க வந்தவன் நகராமல் மேசை முன்னால் நின்றான். "டீச்சர், கீழடியும் வைகைதான், நம்ம ஊரும் வைகைதான். இங்கேயும் தோண்டினாங்களாமே?"

தோண்டினார்கள்தான். 1986 தொடங்கி, விட்டு விட்டுப் பல முறை தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்திருக்கிறது. ரோமானியக் காசுகள், தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. கப்பல் கீறிய ஓடு ஒன்றும் உண்டு. அதன் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தான், கோடுகளை விரலால் தடவினான். "எங்க தாத்தா பாய்மரப் படகு ஓட்டினவர் டீச்சர், அவர்கிட்ட காட்டணும்" என்று அந்தப் படத்தைப் பென்சிலால் நோட்டில் வரைந்து எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் வந்து, தாத்தா சொன்னதையெல்லாம் மணி அடிக்கிற வரை சொன்னான். வாயே திறக்காத பையன்!

டெல்லியில் கொடுக்கிற விருதுக்கும் இந்தப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்கலாம். அந்த விருது இல்லையென்றால் அந்தப் புத்தகம் என் கண்ணில் பட்டிருக்காது. மாதந்தோறும் எத்தனையோ வருகின்றன, நம் பக்கத்தில் புரட்டிப் பார்த்து வாங்கப் பெரிய கடை ஏது? சாகித்ய அகாதெமி 2010இல் இந்த விருதைத் தொடங்கிய பிறகு, வருஷத்துக்கு ஒன்றாவது நிச்சயமாகத் தேடி வாங்கிவிடுகிறேன்.

எல்லாமே பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். சிலது அலமாரியிலேயே கிடக்கும். அதற்கு வேறு பிள்ளை வரும் என்று விட்டுவிடுவேன்.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020க்கான விருது பெற்றது, அப்படி இல்லை. தப்பாகத் தொடுகிறவர்களைப் பற்றி ஒரு சிறுமிக்கு மரப்பாச்சி பொம்மை தைரியம் சொல்கிற கதை. அதைக் கதவு ஓரத்துக் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். கேட்டு வாங்கக் கூச்சப்படும் பிள்ளை தானே எடுத்துக்கொள்ளட்டும். பதிவேட்டில் எழுதச் சொல்வதில்லை. போகும், வரும். ஒரு பெண் திருப்பி வைத்துவிட்டு, தங்கைக்கு வேண்டும் என்று மறுபடி எடுத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

அப்புறம், கோடை விடுமுறைக்கும் புத்தகம் கொடுத்து அனுப்புகிறேன். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பொத்துகிற அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை சத்தமாகப் படிக்கிறது. "அந்தக் கதை முடிஞ்சிருச்சா, அடுத்தது கொடுங்க" என்று அப்பாமாரே கேட்டனுப்புகிறார்கள், தெரியுமா!

சரி, என்ன வாங்குவது என்று கேட்டாய். இந்த இரண்டு புத்தகத்திலும் கூடுதல் பிரதிகள் வேண்டும், இருப்பது கிழிந்துவிட்டது. சின்ன வகுப்புக்கு எழுத்துப் பெரிதாக, படம் நிறைய உள்ளது பார்த்து எடு. கம்பிப் பின் அடித்தது வேண்டாம். உப்புக்காற்றில் பின் துருப்பிடித்துத் தாளையே அரித்துவிடுகிறது. நான் பின்னைப் பிடுங்கிவிட்டு வலைநூலால் தைத்துக்கொண்டிருக்கிறேன். தையல் போட்ட கட்டாக இருந்தால் நல்லது. பள்ளி முகவரிக்கு வேண்டாம், வீட்டுக்கே அனுப்பு. அட்டை போட்டு நானே எடுத்துப் போகிறேன்.

அன்புடன்,
அம்மா