கட்டாயம் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளிர்சாதனங்களை 20 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாதபடி விதி கொண்டுவரப்படும் என்று மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் 2025 ஜூனில் அறிவித்தபோது, என் அறையின் குளிரை அரசா தீர்மானிப்பது என்று பலர் கொதித்தனர். தமிழகத்தின் உச்ச மின்தேவை 2024 மே மாதத்தில் 20,800 மெகாவாட்டைக் கடந்ததை எண்ணினால், அரசின் கவலை பொய்யானதல்ல. ஆயினும் சொந்தப் பணத்தில் குளிர்சாதனம் வாங்கி, அதற்கான மின்கட்டணத்தையும் தாமே செலுத்துபவரைக் கட்டுப்படுத்த, இரு மாதங்களுக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் எகிறும் கட்டணமே பெரும்பாலும் போதும். கருவியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவராகவும் கட்டணம் செலுத்துபவர் வேறொருவராகவும் இருக்கும் இடத்தில்தான் விலை பயனற்றுப் போகிறது. அங்குதான் சட்டம் தேவைப்படுகிறது.

வாடகை வீடுகளே இதற்குச் சான்று. உரிமையாளர் மலிவாகக் கிடைத்ததென்று மாட்டிய 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்கு 15 மணி நேரம் சுழன்றால், இரு மாதங்களில் ஏறத்தாழ 67 யூனிட் செலவாகும். குறைந்த மின்சாரத்தில் சுழலும் மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி விசிறிக்கு 27 யூனிட் போதும். அந்த 40 யூனிட்டுக்கும் பணம் தருபவர் குடியிருப்பவர். பல வீடுகளில் உரிமையாளர் தன் இணைப்பிலிருந்தே மின்சாரம் தந்து, அதை அளக்கத் தனியாக ஒரு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வசூலிப்பதால், முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகைகூட அவரை எட்டுவதில்லை. கூரை மின்விசிறிகளுக்கு, மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி முதல் கட்டாயம் என்பது நல்ல விதிதான். ஆனால் ஏற்கெனவே கூரையில் சுழல்பவற்றை அது தொடாது.

அலுவலகங்களும் வணிக வளாகங்களும் இவ்வகையே: குளிரின் அளவை வைப்பவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் வேறொருவர். (கோடையில் சால்வையுடன் திரையரங்குக்குச் செல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.) புகுஷிமா அணுமின் நிலைய விபத்துக்குப் பின் மின்பற்றாக்குறை ஏற்பட்டபோது, 2011 கோடையில் ஜப்பான் அரசு டோக்கியோ, டோஹோகு மின்பகுதிகளில் 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்சாரம் பெற ஒப்பந்தம் செய்திருந்த பெரும் நுகர்வோர் மின்பயன்பாட்டை 15 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று சட்டப்படி ஆணையிட்டது, மீறினால் அபராதம். வீடுகளுக்கு விடுக்கப்பட்டது வேண்டுகோள் மட்டுமே.

நம் அரசும் பெரும் நுகர்வோரிடமிருந்து தொடங்கும் அந்த வரிசையைப் பின்பற்றலாம். முதலில் தன் அலுவலகங்களின் பழைய விசிறிகளை மாற்றட்டும். அடுத்து, 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்கீழ் பதிவாகும் புதிய ஒப்பந்தங்களில், தனி மின் இணைப்பையும் சிக்கனமான விசிறிகளையும் உரிமையாளரின் பொறுப்பாக்கட்டும்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் வசிக்கும் வாசகர்,
திருச்சி